விண்டோஸ் எழும்பும்போது 'ஃபைலைக் காணவில்லை' என்கிறதா? ஃபோர்மட் செய்யாமல் சரிசெய்ய முழுமையான வழிகாட்டி

கணினியை ஆன் செய்து பாஸ்வேர்ட் கொடுத்ததும் திரையின் நடுவே ஒரு சிறு பெட்டி வருகிறது: இந்த ஃபைலைக் கண்டுபிடிக்க முடியவில்லை. ஓகே அழுத்தினால் போய்விடும், அடுத்த நாள் காலையில் திரும்பவும் வரும். சில கணினிகளில் பெட்டிகூட வராது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஒரு வரி, அதோடு எல்லாம் நின்றுவிடும்.

யாழ்ப்பாணத்தில் இதற்கு முதலில் கிடைக்கும் ஆலோசனை "ஃபோர்மட் அடிச்சா சரி" என்பதுதான். இந்த ஆலோசனை எனக்கு உண்மையிலேயே கவலை தருகிறது. டெஸ்க்டொப், டொக்கியுமென்ட்ஸ், பிக்சர்ஸ் மூன்றும் பெரும்பாலும் சி டிரைவில்தான் இருக்கின்றன. ஃபோர்மட் செய்தால் முதலில் போவது அவைதான். இங்கே இடப்பெயர்வுகளில் அல்பங்களை இழந்த வீடுகள் நிறைய. சொந்தக்காரரிடம் தேடி வாங்கி ஸ்கேன் செய்த பழைய படங்கள், காணி உறுதியின் பிரதி, பிள்ளையின் ஏ/எல் குறிப்புகள் எல்லாம் அந்த ஒரே டிஸ்கில் கிடக்கும். ஒரு சின்னப் பெட்டி எரிச்சல் தருகிறது என்பதற்காக அவற்றைப் பலி கொடுக்கத் தேவையில்லை. இந்தச் செய்திகளில் பெரும்பாலானவற்றை வீட்டிலேயே தீர்க்கலாம்.

கீழே வரும் கட்டளைகளை ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும். இங்கே உச்சரிப்பைத் தந்திருக்கிறேன், குழப்பம் வரக்கூடிய இடங்களில் எழுத்தெழுத்தாகவும் சொல்கிறேன்.

முதலில் பார்க்க வேண்டியது: எப்போது வருகிறது, எந்த ஃபைல்

ஓகே அழுத்துவதற்கு முன் ஃபோனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டியின் தலைப்பு, ஃபைலின் பெயர், அது இருக்க வேண்டிய பாதை மூன்றும் தெளிவாகத் தெரிய வேண்டும். கடைக்கே கொண்டுபோவதானாலும் இந்தப் படம் அரைவாசி வேலையை முடித்துவிடும்.

அடுத்தது நேரம். பாஸ்வேர்ட் கொடுத்து டெஸ்க்டொப் தெரிந்த பிறகு வரும் செய்தி ஒரு வகை. அங்கே விண்டோஸ் நன்றாகவே இருக்கிறது, அது எழும்பியதும் ஓட வேண்டிய ஏதோ ஒரு புரோகிராமைத்தான் காணவில்லை. விண்டோஸ் சின்னம் தோன்றும் முன்பே கறுப்புத் திரையிலோ நீலத் திரையிலோ வரும் செய்தி இன்னொரு வகை. இங்கே விண்டோஸை எழுப்புகிற ஃபைலையே கணினியால் எடுக்க முடியவில்லை. இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு. எங்கள் பக்கம் அதிகம் வருவது முதல் வகை என்பதால் அதை விரிவாகச் சொல்கிறேன்.

டெஸ்க்டொப் வந்த பிறகு வரும் செய்தி

விண்டோஸிடம் ஒரு பட்டியல் இருக்கிறது. எழும்பியதும் இன்னின்ன புரோகிராம்களை ஓட்டு என்று அதில் எழுதியிருக்கும். பட்டியலில் பெயர் இருந்து ஃபைல் இல்லாவிட்டால் 'காணவில்லை' என்று சொல்லும். பெட்டியின் தலைப்பில் 'ரன்டிஎல்எல்' என்று இருந்தால் தேடப்படுவது ஒரு டிஎல்எல் ஃபைல், அதாவது புரோகிராம்கள் எடுத்துப் பயன்படுத்தும் துணை ஃபைல். 'விண்டோஸ் ஸ்கிரிப்ட் ஹோஸ்ட்' என்று இருந்தால் அது ஒரு ஸ்கிரிப்ட், அதாவது கட்டளைகளை எழுதி வைத்த ஃபைல், பெரும்பாலும் விபிஎஸ் என்று முடியும் பெயர்.

ஃபைல் எப்படி இல்லாமல் போனது? புரோகிராமை அரைகுறையாக அழித்திருக்கலாம். ஆனால் இங்கே நான் அதிகம் சந்தேகிப்பது பென் டிரைவைத்தான். யாழ்ப்பாணத் திருநெல்வேலியில் பல்கலைக்கழகத்தைச் சுற்றியுள்ள போட்டோகொப்பிக் கடை, டவுனில் ஒரு கொமியூனிகேஷன், பள்ளிக்கூடத்துக் கணினி அறை என்று ஒரே பென் டிரைவ் பத்து இடம் போய் வருகிறது. வரும்போது ஷோர்ட்கட் வைரஸையும் கொண்டுவரும். அது உங்கள் ஃபோல்டர்களை மறைத்துவிட்டு அதே பெயரில் ஷோர்ட்கட்களை வைக்கும். அவற்றைத் திறந்ததும் ஒரு ஸ்கிரிப்ட் கணினிக்குள் போய் இருந்துகொண்டு, தொடக்கப் பட்டியலிலும் தன் பெயரை எழுதிவிடும். சில நாள் கழித்து அன்டிவைரஸ் அந்த ஸ்கிரிப்டைப் பிடித்து அழிக்கும். பட்டியலில் எழுதிய பெயரை மட்டும் சில வேளை விட்டுவிடும். அதன் பிறகு ஒவ்வொரு காலையும் விண்டோஸ் இல்லாத வைரஸைத் தேடிக்கொண்டிருக்கும்.

அதனால் காணாமல் போன அந்த ஃபைல் திரும்பி வரவே கூடாத ஃபைலாக இருக்கலாம். அதன் பெயரைக் கூகுளில் தேடி இறக்குவதோ, அன்டிவைரஸின் தனிமைப் பகுதியிலிருந்து மீட்பதோ வேண்டாம். காசு கொடுக்காமல் விண்டோஸை அக்டிவேட் செய்யப் போட்ட கிராக் ஃபைலுக்கும் இது பொருந்தும். விண்டோஸோடு வரும் அன்டிவைரஸான டிஃபென்டர் அதை அழித்ததும் இதே பெட்டிதான் வரும். பட்டியலில் உள்ள பெயரைத்தான் நீக்க வேண்டும்.

படி 1. வைரஸ் மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்டார்ட் மெனுவில் விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, வைரஸ் பாதுகாப்புப் பகுதியில் ஸ்கேன் வகைகளுக்குப் போங்கள். முழு ஸ்கேன் ஒன்று ஓட்டிவிட்டு, ஒஃப்லைன் ஸ்கேனையும் ஓட்டுங்கள். ஒஃப்லைன் ஸ்கேனுக்குக் கணினி ரீஸ்டார்ட் ஆகும், சுமார் 15 நிமிடம் எடுக்கும். விண்டோஸ் முழுதாக எழும்பாத நிலையில் ஓடுவதால் வைரஸ் ஒளிந்துகொள்வது கடினம்.

படி 2. டாஸ்க் மனேஜர். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்தி ஸ்டார்ட்அப் பகுதிக்குப் போங்கள். மேலே உள்ள நிரல் தலைப்பில் ரைட் கிளிக் செய்து 'கமாண்ட் லைன்' என்பதைத் தெரிவு செய்தால் ஒவ்வொன்றின் முழுப் பாதையும் தெரியும். உங்கள் ஃபோனில் உள்ள பாதையோடு ஒத்துப்போவதைப் பிடித்து டிசேபிள் செய்யுங்கள். படமே இல்லாமல் வெறுமனே 'புரோகிராம்' என்ற பெயரில் ஒன்று இருந்தால் அதில் முதலில் கண் வையுங்கள், ஃபைல் இல்லாத பதிவுகள் அப்படித்தான் தெரியும். விண்டோஸ் 7 இல் இந்தப் பகுதி டாஸ்க் மனேஜரில் இல்லை. அங்கே விண்டோஸ் பொத்தானையும் ஆர் எழுத்தையும் ஒன்றாக அழுத்தினால் வரும் ரன் பெட்டியில் எம்-எஸ்-கொன்ஃபிக் என்று சேர்த்து அடிக்க வேண்டும்.

ரீஸ்டார்ட் செய்து பாருங்கள். பெட்டி வராவிட்டால் வேலை முடிந்தது. வந்தால் அந்தப் பெயர் வேறு இடத்தில் எழுதப்பட்டிருக்கிறது.

படி 3. ஸ்டார்ட்அப் ஃபோல்டர். விண்டோஸ் பொத்தானையும் ஆர் எழுத்தையும் ஒன்றாக அழுத்தினால் ரன் பெட்டி வரும். அதில் ஷெல், முக்காற்புள்ளி, ஸ்டார்ட்அப் என்று இடைவெளியில்லாமல் அடியுங்கள். திறக்கும் ஃபோல்டரில் நீங்கள் வைக்காத ஷோர்ட்கட் இருந்தால் அழியுங்கள். ஷெல், முக்காற்புள்ளி, கொமன் ஸ்டார்ட்அப் என்று அடித்தால் கணினியின் எல்லாப் பயனர்களுக்கும் பொதுவான ஃபோல்டர் வரும், அதையும் பாருங்கள். இங்கே 'கொமன்', 'ஸ்டார்ட்அப்' இரண்டுக்கும் நடுவே ஓர் இடைவெளி வேண்டும்.

படி 4. டாஸ்க் ஷெடியூலர். கன பேர் இதைப் பார்க்காமல் விட்டுவிடுவார்கள், ஆனால் பெட்டி குறிப்பிட்ட இடைவெளியில் திரும்பத் திரும்ப வந்தால் காரணம் அநேகமாக இங்கேதான் இருக்கும். ஸ்டார்ட் மெனுவில் தேடித் திறந்து, இடப்பக்கம் உள்ள லைப்ரரியைக் கிளிக் செய்யுங்கள். ஒவ்வொரு பணியையும் தெரிவு செய்து கீழே அக்‌ஷன்ஸ் பகுதியைப் பார்த்தால் அது எந்த ஃபைலை ஓட்டுகிறது என்று தெரியும். உங்கள் ஃபைல் கிடைத்ததும் முதலில் டிசேபிள் மட்டும் செய்யுங்கள். இரண்டு நாள் பார்த்துவிட்டு அழிக்கலாம். மைக்ரோசொஃப்ட் என்ற பெயருடைய உள் ஃபோல்டர்களில் விண்டோஸின் சொந்தப் பணிகள் இருக்கின்றன. அங்கே கை வைக்க வேண்டாம்.

படி 5. ரெஜிஸ்ட்ரி, அதாவது விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதி வைக்கும் இடம். ரன் பெட்டியில் ரெஜ்எடிட் என்று அடித்துத் திறந்து, ஃபைல் மெனுவில் எக்ஸ்போர்ட் செய்து ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பிரதி இல்லாமல் தொடர வேண்டாம். பிறகு 'எச்கீ கரன்ட் யூசர்' என்பதன் கீழ் சொஃப்ட்வெயார், மைக்ரோசொஃப்ட், விண்டோஸ், கரன்ட்வேர்ஷன், ரன் என்று ஒவ்வொன்றாக உள்ளே போங்கள். வலப்பக்கத்தில் உங்கள் ஃபைலின் பாதை உள்ள வரியை மட்டும் அழியுங்கள். 'எச்கீ லோக்கல் மெஷின்' என்பதன் கீழும் இதே வழியில் போய்ப் பாருங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ரெஜிஸ்ட்ரியில் 'வின்லோகொன்' என்ற இடத்தில் 'ஷெல்', 'யூசர்இனிட்' என்று இரண்டு வரிகள் இருக்கும். சில வைரஸ்கள் அவற்றின் கடைசியில் தங்கள் பெயரை ஒட்டிவிடும். அந்த ஒட்டை மட்டும் வெட்ட வேண்டும். 'ஷெல்' வரியில் எக்ஸ்ப்ளோரர் ஃபைலின் பெயரும், 'யூசர்இனிட்' வரியில் சிஸ்டம்32 ஃபோல்டரில் உள்ள யூசர்இனிட் ஃபைலின் பாதையும் கடைசியில் ஒரு காற்புள்ளியும் அப்படியே இருக்க வேண்டும். முழு வரியையும் அழித்தால் அடுத்த தடவை உள்ளே போக முடியாமல் போகலாம்.

இத்தனை இடம் ஏறி இறங்கப் பொறுமை இல்லையென்றால் ஓட்டோரன்ஸ் என்ற சிறு இலவசப் புரோகிராம் இருக்கிறது. சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பைச் சேர்ந்தது, 2006 இல் இருந்து மைக்ரோசொஃப்டின் சொந்தம். மைக்ரோசொஃப்ட் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்தால் மேலே சொன்ன எல்லா இடங்களையும் ஒரே பட்டியலில் காட்டும், ஃபைல் இல்லாத வரிகளை மஞ்சள் நிறத்தில் காட்டும். மைக்ரோசொஃப்ட் பதிவுகளை மறைக்கும் தெரிவைப் போட்டுக்கொண்டு, உங்கள் ஃபைலின் வரியில் உள்ள சரி அடையாளத்தை எடுத்துவிடுங்கள். அழிக்க வேண்டியதில்லை. தவறென்று பட்டால் திரும்பப் போட்டுவிடலாம். மஞ்சளாக இருப்பதெல்லாம் கெட்டது என்று நினைத்து வரிசையாக எடுத்துவிட வேண்டாம், ஒரு தடவைக்கு ஒன்று போதும்.

பென் டிரைவையும் அதே நாளில் சுத்தமாக்குங்கள், இல்லாவிட்டால் நாளைக்குத் திரும்பவும் இதே கதைதான். செருகியதும் திறக்காமல் டிஃபென்டரால் ஸ்கேன் செய்யுங்கள். பிறகு ஸ்டார்ட் மெனுவில் தேடி, கட்டளைகளை அடிக்கும் கறுப்பு ஜன்னலான கமாண்ட் ப்ரொம்ட்டைத் திறந்து பென் டிரைவின் எழுத்தையும் முக்காற்புள்ளியையும் அடித்து என்டர் தட்டுங்கள். அடுத்து ஏ-டி-டி-ஆர்-ஐ-பி என்று அடித்து, இடைவெளி விட்டு, முன்னால் கழித்தல் அடையாளத்துடன் எச், ஆர், எஸ் மூன்றையும் தனித்தனியாக அடியுங்கள். தொடர்ந்து சாய்கோட்டுடன் எஸ், சாய்கோட்டுடன் டி. மறைந்திருந்த ஃபோல்டர்கள் தெரியும். சில வகை வைரஸ்கள் எல்லாவற்றையும் பெயரில்லாத ஒரு ஃபோல்டருக்குள் தள்ளியிருக்கும், அதற்குள்ளும் பாருங்கள். ஃபைல்களை வெளியே எடுத்த பிறகு ஷோர்ட்கட்களை அழித்துவிடலாம்.

புரோகிராம் தொடங்க ஒரு டிஎல்எல் இல்லை என்று வந்தால்

எம்எஸ்விசிபி140, விசிரன்டைம்140 போன்ற பெயர்கள் வந்தால் வைரஸ் என்று பயப்பட வேண்டாம். மைக்ரோசொஃப்டின் விஷுவல் சி பிளஸ் பிளஸ் என்ற பொதுத் தொகுப்பு இல்லை அல்லது பழுதாகிவிட்டது என்பதே அர்த்தம். டிஎல்எல் ஃபைலைத் தனியாக விநியோகிக்கும் தளங்களிலிருந்து எடுத்துச் சிஸ்டம்32 இல் போடும் பழக்கம் இங்கே பரவியிருக்கிறது. அதைச் செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்த ஃபைலுக்குள் என்ன இருக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. போதாக்குறைக்கு 64 பிட் விண்டோஸில் சிஸ்டம்32 என்ற ஃபோல்டரில்தான் 64 பிட் ஃபைல்கள் இருக்கின்றன, 32 பிட் ஃபைல்கள் சிஸ்வொவ்64 இல் இருக்கின்றன. பெயரைப் பார்த்து மாறிப் போட்டால் புதிய பிழை வரும்.

மைக்ரோசொஃப்ட் தளத்தில் விஷுவல் சி பிளஸ் பிளஸ் ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் என்று தேடி, 2015 இலிருந்து பொருந்தும் புதிய தொகுப்பை இறக்குங்கள். எக்ஸ்86 (32 பிட்), எக்ஸ்64 (64 பிட்) இரண்டையும் போட வேண்டும். உங்கள் விண்டோஸ் 64 பிட்டாக இருந்தாலும் புரோகிராம் 32 பிட்டாக இருக்கலாம். வேறு பெயருடைய டிஎல்எல் என்றால் அது எந்தப் புரோகிராமுக்கு உரியதோ அதை அழித்துவிட்டுத் திரும்பப் போடுங்கள்.

விண்டோஸின் சொந்த ஃபைல் பழுதானால்

மின்சாரம் போவது எங்களுக்குப் புதிதில்லை. 2022 இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. 2025 பெப்ரவரி 9 இல் நாடு முழுக்க இருண்டது. அப்டேட் ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் எழுதிக்கொண்டிருந்த ஃபைல் பாதியில் நின்றுவிடும். யூபிஎஸ் இல்லாத டெஸ்க்டொப்களில்தான் இதைப் பார்க்கிறோம். காட்டப்படும் பாதை விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருந்து, அது உண்மையான விண்டோஸ் ஃபைலாகவும் இருந்தால் இந்த வழி.

கமாண்ட் ப்ரொம்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறங்கள். முதலில் டி-ஐ-எஸ்-எம், இடைவெளி, சாய்கோடு, ஒன்லைன், இடைவெளி, சாய்கோடு, க்ளீனப், நடுக்கோடு, இமேஜ், இடைவெளி, சாய்கோடு, ரிஸ்டோர்ஹெல்த் என்று அடித்து என்டர். இது மைக்ரோசொஃப்டிலிருந்து நல்ல பிரதிகளை எடுப்பதால் இணையம் வேண்டும். ஒரே சதவீதத்தில் நெடுநேரம் நின்றாலும் மூடிவிடாதீர்கள். முடிந்ததும் எஸ்-எஃப்-சி, இடைவெளி, சாய்கோடு, ஸ்கேன்நவ். விண்டோஸ் 7 இல் இந்த இரண்டாவது கட்டளை மட்டும் போதும், அங்கே ரிஸ்டோர்ஹெல்த் கிடையாது. வரிசையை மாற்ற வேண்டாம். இரண்டாவது கட்டளை பழுதான ஃபைலை மாற்றும்போது முதலாவது சரிசெய்து வைத்த களஞ்சியத்திலிருந்துதான் எடுக்கிறது.

விண்டோஸ் எழும்பும் முன்பே நின்றுவிட்டால்

'என்டிஎல்டிஆர்' இல்லை என்பது எக்ஸ்பி காலத்துச் செய்தி. 'பூட்எம்ஜிஆர்' இல்லை என்பது அதற்குப் பின் வந்த விண்டோஸ்களுக்கு உரியது. 'ஒப்பரேட்டிங் சிஸ்டம் இல்லை' என்று பொதுவாகவும் வரும்.

எந்தக் கட்டளைக்கும் முன், செருகியிருக்கும் பென் டிரைவ், மெமரி கார்ட், வெளி ஹார்ட் டிஸ்க் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். கணினி பென் டிரைவிலிருந்து எழும்பப் பார்த்து ஏமாந்திருக்கலாம். கடைக்குத் தூக்கிக்கொண்டு போன சில கணினிகள் இந்த ஒன்றிலேயே சரியாகிவிடும்.

சரிவரவில்லையா, விண்டோஸுக்கு முன்பே ஓடும் கணினியின் அடிப்படை அமைப்பான பயோஸுக்குள் போங்கள். ஆன் செய்தவுடன் டிலீட் அல்லது எஃப்2 பொத்தானை விடாமல் தட்ட வேண்டும், கணினிக்குக் கணினி இது மாறும். அங்கே ஹார்ட் டிஸ்க்கின் பெயர் தெரிகிறதா? தெரியாவிட்டால் ஃபைல் பிரச்சினை இல்லை. டெஸ்க்டொப் என்றால் பிளக்கைக் கழற்றிவிட்டு, டிஸ்க்குக்குப் போகும் சாட்டா வயரையும் பவர் வயரையும் எடுத்துத் திரும்ப இறுக்கிச் செருகுங்கள். பயோஸில் நேரமும் திகதியும் பழைய வருடத்துக்குப் போயிருந்தால் மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பட்டரி இறந்துவிட்டது. நாணயம் போலிருக்கும் 3 வோல்ட் பட்டரி அது. பட்டரி போனால் எந்த டிஸ்கிலிருந்து எழும்ப வேண்டும், எந்த முறையில் எழும்ப வேண்டும் என்ற அமைப்பும் அழிந்துபோகலாம். புதியதைப் போட்டு அமைப்பைத் திருத்தினால் 'காணாமல் போன' விண்டோஸ் வந்துவிடும்.

டிஸ்க் தெரிகிறது, ஆனால் டிக் டிக் என்று சத்தம் வருகிறது என்றால் இத்தோடு நிறுத்துங்கள். அந்த டிஸ்கில் எந்தத் திருத்தமும் ஓட்டக்கூடாது. ஃபைல்களை எடுப்பதுதான் ஒரே வேலை, அதையும் கை பழகியவரிடம் விடுங்கள்.

சத்தமில்லாத டிஸ்க் என்றால், இன்னொரு கணினியில் மைக்ரோசொஃப்டின் மீடியா க்ரியேஷன் டூல் மூலம் குறைந்தது 8 ஜிபி பென் டிரைவில் விண்டோஸைப் போட்டுக்கொள்ளுங்கள். சில ஜிபி இறங்கும் என்பதால் இரவு நேர டேட்டா உள்ளவர்கள் அதைப் பயன்படுத்தலாம். பென் டிரைவிலிருந்து எழும்பியதும் இன்ஸ்டோல் பொத்தானைத் தொடாமல் 'ரிப்பேர் யுவர் கம்பியூட்டர்' (புதிய பதிப்புகளில் 'ரிப்பேர் மை பிசி') என்பதைத் தெரிவு செய்யுங்கள். பென் டிரைவ் இல்லாதவர்கள், விண்டோஸ் எழும்பத் தொடங்கும்போது பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைப்பதை அடுத்தடுத்து மூன்று தடவை செய்தால் பெரும்பாலும் இதே திருத்தப் பகுதி தானாக வரும். புதிய லாப்டொப்களில் டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லொக்கர் என்ற வசதி 48 இலக்கச் சாவி கேட்கலாம். ஃபோனில் உங்கள் மைக்ரோசொஃப்ட் கணக்குக்குள் போனால் அது அநேகமாக அங்கே இருக்கும்.

திருத்தத் தொடங்கும் முன் ஃபைல்களைக் காப்பாற்றுங்கள். அந்தப் பகுதியில் கமாண்ட் ப்ரொம்ட்டைத் திறந்து நோட்பேட் என்று அடியுங்கள். நோட்பேடில் ஃபைல், ஓபன் போய், கீழே 'எல்லா ஃபைல்களும்' என்று மாற்றினால் அந்தச் சிறு ஜன்னலே டிஸ்க் முழுவதையும் காட்டும். உங்கள் பெயருடைய ஃபோல்டரில் ரைட் கிளிக் செய்து கொப்பி எடுத்து, வெளி ஹார்ட் டிஸ்கில் பேஸ்ட் செய்யலாம். எவ்வளவு போய்விட்டது என்று திரையில் காட்டாது, ஜன்னல் உறைந்தது போலிருக்கும். விட்டுவிடுங்கள், வேலை நடந்துகொண்டிருக்கும்.

பிறகு முதலில் 'ஸ்டார்ட்அப் ரிப்பேர்'. பல கணினிகளுக்கு இதுவே போதும். போதாவிட்டால் கமாண்ட் ப்ரொம்ட்டில் டிஸ்க்பார்ட் என்று அடித்து, லிஸ்ட் வொலியூம் என்று கேளுங்கள். இந்தப் பகுதியில் விண்டோஸ் உள்ள டிரைவின் எழுத்து டி என்று மாறியிருக்கலாம், அளவைப் பார்த்து எது என்று கண்டுபிடித்துவிட்டு எக்ஸிட் அடியுங்கள். டிஸ்க்பார்ட்டுக்குள் 'க்ளீன்' என்ற சொல்லை மட்டும் எக்காரணம் கொண்டும் அடிக்காதீர்கள், டிஸ்க்கின் பிரிவுகள் எல்லாவற்றையும் அழித்துவிடும். வெளியே வந்ததும் பி-சி-டி-பூட், இடைவெளி, அந்த டிரைவின் எழுத்து, முக்காற்புள்ளி, பின்சாய்கோடு, விண்டோஸ் என்று அடித்து என்டர். எழுப்பும் ஃபைல்களைத் திரும்ப எழுதிவிடும்.

பழைய பயோஸ் முறையில் ஓடும் கணினிகளுக்குப் பூட்ரெக் என்ற கட்டளை இருக்கிறது. சாய்கோட்டுடன் ஃபிக்ஸ்எம்பிஆர், பிறகு ஃபிக்ஸ்பூட், பிறகு ரீபில்ட்பிசிடி என்று மூன்று தடவை ஓட்ட வேண்டும். பயோஸுக்குப் பதிலாக வந்த யுஈஎஃப்ஐ முறையில் ஓடும் புதிய கணினிகளில் இரண்டாவது கட்டளை அனுமதி இல்லை என்று மறுக்கலாம். அதோடு மல்லுக்கட்ட வேண்டாம், மேலே சொன்ன பிசிடிபூட்தான் அங்கே சரியான வழி.

கடைக்குத்தான் போக வேண்டும் என்றால்

சில பழுதுகள் வீட்டில் தீராது. கொண்டுபோகும்போது ஃபோனில் எடுத்த படத்தைக் காட்டி, எப்போது வந்தது, அதற்கு முதல் நாள் என்ன செய்தீர்கள், கரண்ட் போனதா என்று சொல்லுங்கள். டிஸ்க்கின் ஆரோக்கியத்தைக் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற ஒன்றில் பார்த்துச் சொல்லும்படி கேளுங்கள். ஃபோர்மட் செய்தே ஆக வேண்டும் என்றால், அதற்கு முன் பயனர் ஃபோல்டரை முழுதாகக் கொப்பி எடுத்து, அந்தப் பிரதியை வேறு டிஸ்கில் உங்களுக்கே திறந்து காட்டச் சொல்லுங்கள். படங்கள் திறக்கின்றனவா என்று இரண்டு மூன்றைக் கிளிக் செய்து பார்த்த பிறகு சம்மதம் கொடுங்கள். பில்லில் 'டேட்டா எடுக்கப்பட்டது' என்று எழுதி வாங்குங்கள். டிஸ்க்கையே மாற்றினால், பழையது பழுதென்று சொன்னாலும் அதைக் கையோடு வாங்கிக்கொண்டு வாருங்கள். எழும்பாத டிஸ்கிலிருந்தும் பல வேளை ஃபைல்களை மீட்கலாம்.